மூன்றரை மீட்டர் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் பெரியப்பா தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர். செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் வைத்தால், பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் பெரும்பாலும் அவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். ஆனால் அவர் ஆடிய படம் என்று வீட்டில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, எப்போதோ யாரோ ஃபிலிம் கேமராவில் ஃபிளாஷ் அடித்து எடுத்தது. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கும், முகம் தெரியாது. இன்னொன்று செல்போனில் எடுத்தது. அவர் சுழன்றுகொண்டிருந்த நேரம் போலிருக்கிறது, சிவப்பாக ஒரு புகை எழும்பியதுபோல் இருக்கும்.

2022 தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “இந்த வருஷம் ஆடிடறேன், முடிஞ்சா அடுத்த வருஷம். அதோட போதும்டா தம்பி” என்றார். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போதே கேமரா வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் 25,000 ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் புரட்ட முடியாத நிலைமை. அந்தப் பணத்தில் எதை வாங்கினேன், எதை விட்டேன், ஏன் என்பதை எழுதிவைக்கிறேன். இதே அளவு பணத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் என் கண்ணில் பட்டதெல்லாம் காம்போ பெட்டிகள்தான். ஒரு பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), 18-55 எம்எம் லென்ஸ், கூடவே 70-300 லென்ஸ், பை, மெமரி கார்டு. இரண்டு லென்ஸ் என்றதும் மனசு அங்கேயே போய் நிற்கிறது. குளத்துப் பறவையும் எடுக்கலாம், குழந்தை பிறந்தநாளும் எடுக்கலாம் என்று தோன்றும். கடன் சொல்லியாவது அதை வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அலுவலக நண்பன் ஒருவன் தடுத்தான். “வாங்குறதுக்கு முன்னாடி என் கேமராவ ஒரு ராத்திரி எடுத்துட்டுப் போ. எடுத்துட்டு வந்து பேசலாம்” என்று அவனுடைய நிக்கான் டி3200ஐயும் அதோடு வந்த 18-55 லென்ஸையும் கையில் கொடுத்தான். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான்.

மாசி மாதம் பக்கத்து ஊரில் ஒரு கூத்து. இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை எடுத்தேன். மறுநாள் படங்களைக் கணினியில் போட்டு, அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே கேமரா எழுதிவைத்திருக்கும் விவரங்களை மட்டும் பார்த்தேன். லென்ஸ் எந்த எம்எம்மில் இருந்தது (எண் கூடக் கூடக் காட்சி கிட்டே வரும்), எவ்வளவு திறந்திருந்தது, ஷட்டர் வேகம் என்ன (படம் பதிய எடுத்த நேரம்), ஐஎஸ்ஓ என்ன (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிப் பதிகிறது என்ற எண்). ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். பாதிக்கு மேற்பட்ட படங்கள் 32க்கும் 38க்கும் நடுவில் எடுத்தவை. 55இல் எடுத்தவை முகத்துக்காக. 18இல் எடுத்தவற்றில் கூட்டமும் டியூப் லைட்டும்தான் இருந்தன.

ஏன் 35 பக்கத்திலேயே நின்றது என்று யோசித்தபோது காரணம் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம்தான். கூத்துக் களரியைச் சுற்றி ஜனங்கள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்தால், ஆடுகிறவர் நம்மிடமிருந்து மூன்று, மூன்றரை மீட்டரில் இருப்பார். இந்த வகைக் கேமராவில் படம் பதிகிற தகடான சென்சார் சுமார் 23.5 எம்எம் நீளம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 35 எம்எம் லென்ஸ் போட்டால், மூன்றரை மீட்டர் தூரத்தில் சுமார் 2.35 மீட்டர் உயரம் படத்துக்குள் அடங்கும். கிரீடத்தின் உச்சியிலிருந்து சலங்கை வரைக்கும் துரியோதனன் முழுசாக வந்துவிடுவார். அதே உயரம் 50 எம்எம்மில் வேண்டும் என்றால் ஐந்து மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஐந்து மீட்டரில் எனக்கு முன்னால் பத்துத் தலைகள் இருக்கும், எழுந்து நின்றால் பின்னால் இருக்கிற பாட்டிகள் விடமாட்டார்கள்.

தூரக் கணக்கு முடிந்தது. வெளிச்சக் கணக்குதான் என்னை உலுக்கிவிட்டது. 18-55 லென்ஸ் 35 எம்எம்மில் ஏறத்தாழ எஃப் 4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சின்னதாக ஆக, திறப்பு பெரிதாகும்). ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/40 நொடியைத் தாண்டவில்லை. நின்று வசனம் பேசும்போது பரவாயில்லை. சுழன்று ஆடும்போது 1/40இல் கை, பாவாடை, முகம் எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்கிற வசதி இருந்தது உண்மைதான். அது என் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஆடுகிறவர் சுழல்வதை அதனால் நிறுத்த முடியாது. கடைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எஃப் எண் என்பதைக் கணக்காகப் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை, நாணயத்தை வைத்துப் பார்த்தபோதுதான் ஏறியது. லென்ஸின் எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழைகிற துவாரத்தின் அகலம் வரும். 35ஐ 4.5ஆல் வகுத்தால் எட்டு எம்எம்முக்குச் சற்றுக் குறைவு, அதாவது பென்சில் தடிமனைவிட ஒரு நூல் அதிகம். 35ஐ 1.8ஆல் வகுத்தால் 19 எம்எம்முக்கு மேல். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பென்சில் நுழைகிற ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தையும் நாணயம் நுழைகிற ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆறு மடங்கு வித்தியாசம். எஃப் 1.8 லென்ஸ் கையில் இருந்திருந்தால், அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் எனக்கு 1/250 நொடி கிடைத்திருக்கும். 1/250இல் ஆட்டக்காரர் அநேகமாக நின்றுவிடுவார்.

அதற்குப் பிறகு காம்போ பெட்டியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு லென்ஸ் என்றாலும் இரண்டுமே இருட்டில் மூச்சுத் திணறுகிறவை. எனக்குத் தேவை 35 எம்எம், எஃப் 1.8, ஒரே ஒரு லென்ஸ். மிச்சப் பணத்தில் எந்தப் பாடி வருகிறதோ அது.

இங்கேதான் கம்பெனி எது என்ற கேள்வியும் தானாகத் தீர்ந்தது. கேனானா நிக்கானா என்று நாள்கணக்கில் மூளையைக் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குப் பதில் லென்ஸிலிருந்து வந்தது. கேனானில் மலிவாகக் கிடைப்பது 50 எம்எம் எஃப் 1.8. 2015இல் வந்த எஸ்டிஎம் வகை அருமையான லென்ஸ். முகம் எடுக்கிறவர்களுக்கும் குழந்தைகளை எடுக்கிறவர்களுக்கும் நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த விலைக் கேமராக்களில் இருக்கிற சின்ன சென்சார், கேனானில் நிக்கானுடையதைவிடவும் சற்றுச் சிறியது, அதில் 50 எம்எம் போட்டால் நான் களரியை விட்டே வெளியே போக வேண்டும். கேனானின் 24 எம்எம் பான்கேக் (தட்டையான) லென்ஸ் விலையிலும் எடையிலும் லேசு. அது எஃப் 2.8 வரைதான் திறக்கும், 1.8இல் வருகிற வெளிச்சத்தில் பாதிகூட வராது. நிக்கானில் மட்டும் 2009இல் சின்ன சென்சாருக்கென்றே வெளிவந்த 35 எம்எம் எஃப் 1.8ஜி, ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். அதனால் நிக்கான். வேறு காரணம் கிடையாது.

ஏஎஃப்-எஸ் என்பதில் வருகிற அந்த ‘எஸ்’ என்ற எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போகிற இடம் அது. கேனானில் 1987இல் வந்த இஎஃப் வரிசை தொடங்கி ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பாடியில் மோட்டார் உண்டா என்ற கவலையில்லை. நிக்கான் அப்படி இல்லை. பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்ற வேண்டும். டி90, டி7000 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் இல்லை. 50 எம்எம் எஃப் 1.8டி என்ற லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டி3300இல் மாட்டினால், மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸ் மட்டும் தானாக ஆகாது. கையால் திருகித்தான் ஆக வேண்டும். நண்பனுக்கு நண்பன் ஒருவர் இப்படி வாங்கிவிட்டு, லென்ஸ் கெட்டுப்போனது என்று நினைத்து மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தார். ஏஎஃப்-எஸ் என்று போட்டிருந்தால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது. லென்ஸ் வளையத்தில் அந்த எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பாடிக்கு வருகிறேன். டி7000 மேல் ஆசை இருந்தது. 2010இல் வந்தாலும் கையில் பிடித்தாலே தெம்பாக இருக்கும், இரண்டு டயல், உள்ளே மோட்டார். ஆனால் எனக்கு விலைக்கு வந்தவை எல்லாம் கல்யாண வேலைக்குப் போய்வந்தவை, ஒவ்வொன்றிலும் ஷட்டர் லட்சம் தடவைக்கு மேல் அடித்திருந்தது. டி5300 என் பணத்தை மீறியது. 2014இல் வந்த டி3300 சரியாக இருந்தது. 24 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 12,800 வரை போகும், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. விடிய விடியக் கழுத்தில் தொங்கப்போகிற பொருளுக்கு எடை சின்ன விஷயம் இல்லை.

காஞ்சிபுரத்தில் கல்யாணப் படம் எடுக்கிற ஒரு அண்ணன், தன் தங்கைக்காக வாங்கிய டி3300ஐ விற்கிறார் என்று தெரிந்து போனேன். 18-55 லென்ஸோடு 18,000 சொன்னார். நான் என் மெமரி கார்டையே கையோடு கொண்டுபோயிருந்தேன். முதலில் ஒரு ஜேபெக் படம் எடுத்து, செல்போனில் விவரம் பார்க்கிற ஆப்பில் திறந்தேன். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண் படத்துக்குள்ளேயே இருக்கும். கேனானில் பொதுவாக இப்படிச் சுலபமாகக் கிடைக்காது. 31,000 சொச்சம். இந்த மாடலின் ஷட்டரை ஒரு லட்சம் கிளிக்குக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்குகூட ஓடவில்லை.

பிறகு எஃப் 16இல் வைத்து, ஜன்னல் வழியாக வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். மூன்று பொட்டு இருந்தது, அது ஊதினால் போகிற தூசி. மூடியைப் போட்டு நீண்ட நேர எக்ஸ்போஷர் ஒன்று எடுத்தேன், எரிந்துபோன புள்ளி எதுவும் இல்லை. பேட்டரியின் பக்கத்து மூடி, கார்டு மூடி, ரப்பர் பிடி எல்லாம் கெட்டியாக இருந்தன. நான் இதையெல்லாம் செய்கிறவரை அந்த அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எதுக்கு எடுக்கப் போறீங்க?” என்றார்.

“கூத்துண்ணா. எங்க பெரியப்பா வேஷம் கட்டுறாரு.”

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. “பதினஞ்சரை குடுங்க. சார்ஜரு, பில்லு எல்லாம் இருக்கு. ஃபிளாஷ் மட்டும் போட்டுடாதீங்க” என்றார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

லென்ஸ் விஷயம் அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் 35 எம்எம்மை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அவசரத்தில் டார்ச் அடித்துப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தபோது தெரிந்தது, உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள். பூஞ்சை. ஆரம்பத்தில் படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் விளக்கு நேராக அடிக்கும்போது படம் மங்கும். வளரவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். எனக்குப் படத்தில் எப்போதும் ஒரு விளக்கு இருக்கும், கூத்தில் அது இல்லாமல் முடியாது. இரண்டு முறை அலைந்தேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கடைசியில் இன்னொரு 1,500 வாங்கிக்கொண்டு வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை கடை வாசலிலேயே, சட்டையைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு தூசி, அவ்வளவுதான். தூசியால் ஒன்றும் ஆகாது.

அதனால்தான் அடுத்த செலவு ஒரு பிளாஸ்டிக் டப்பா. ரப்பர் விளிம்போடு, காற்றுப் புகாமல் மூடுகிற வகை. உள்ளே ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். ஈரத்தை இழுத்துப் பச்சையாக மாறினதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் புரட்டினால் பழைய நிறத்துக்கு வரும். கேமராவோடு வந்த பையிலேயே மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் கட்டிக்கொடுக்கிற வீடு. ஈரம், இருட்டு, அசையாத காற்று, மூன்றும் பைக்குள் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்கு இப்படி: பாடியும் 18-55 லென்ஸும் 15,500. 35 எம்எம் 7,500. 32 ஜிபி கார்டு 500. டப்பாவும் ஜெல்லும் 400. தூசி ஊதுகிற பம்ப் 250. ஆக 24,150. டிரைபாட் வாங்கவில்லை, களரியில் அதை விரிக்க இடமில்லை. யுவி ஃபில்டர் வாங்கவில்லை. மலிவான கண்ணாடியை நல்ல லென்ஸின் முன்னால் மாட்டினால் டியூப் லைட்டின் பிம்பம் பச்சையாக அந்தரத்தில் மிதக்கும், நண்பனுடைய கேமராவில் அதைப் பார்த்துவிட்டேன்.

இப்போது போய் டிஎஸ்எல்ஆரா (உள்ளே கண்ணாடி வைத்த இந்தப் பழைய வகை), எல்லோரும் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை) என்கிறார்களே என்று கேட்பீர்கள். கேனானும் நிக்கானும் 2018இலேயே மிரர்லெஸ்ஸுக்கென்று புது மவுண்டை (லென்ஸ் மாட்டுகிற வளையம்) கொண்டுவந்துவிட்டார்கள், அவர்களுடைய கவனம் முழுக்க அந்தப் பக்கம்தான். அது தெரிந்துதான் வாங்கினேன். வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகப் போக, அவர்கள் விட்டுவிட்டுப் போகிற நல்ல லென்ஸ்கள் நம் விலைக்கு வருகின்றன. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருக்கிறது. சந்தையில் அதற்கான லென்ஸுக்குப் பஞ்சமே வராது. நாளைக்கு நானே மாறினாலும், என் 35 எம்எம் நிக்கானுடைய அடாப்டர் வழியாகப் புதுக் கேமராவிலும் ஆட்டோஃபோகஸ் ஆகும். அந்த மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் ஆகாது.

சித்திரையில் பதினெட்டாம் போர் வந்தது. சாயங்காலமே பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் ஜமா (கூத்துக் குழு) வந்து இறங்கிவிட்டது. ஒரே ஒரு குண்டு பல்பு. பெரியப்பா கையகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்துவைத்துக்கொண்டு முகத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து எஃப் 1.8இல் எடுத்தேன். முதல் இருபது படத்தில் காது கூர்மையாக இருக்கிறது, கண் இல்லை. அந்தத் தூரத்தில் 1.8இல் தெளிவாக விழுகிற ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான், நாலு விரல் அகலம்கூட இல்லை. மூச்சு இழுத்து விட்டாலே கண் அதைத் தாண்டிவிடும். கேமராவில் 11 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் இருட்டில் நம்பத்தக்கது நடுப்புள்ளி ஒன்றுதான், குறுக்கும் நெடுக்கும் பார்க்கிற புள்ளி அது மட்டுமே. அதைக் கண் இமையில் வைத்து எடுத்த பிறகு சரியாக வந்தது.

களரியில் வேறு ஒரு சிக்கல். சுற்றிலும் கறுப்பு இருட்டு, நடுவில் சிவப்பு முகம். கேமராவின் கணக்கு அந்தக் கறுப்பைப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து, முகத்தைச் சுட்டுவிடுகிறது. சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, பூசிய கோடுகள் எல்லாம் மறைந்து தக்காளிபோல் ஆகிவிடும். ஆட்டோவை விட்டுவிட்டு மேனுவலுக்குப் போனேன். 1/250, எஃப் 2, ஐஎஸ்ஓ 3200. ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கிற வடிவம்) எடுத்தேன். திரையில், சிவப்பு எவ்வளவு பதிந்தது என்று காட்டுகிற வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். மூன்றரை மீட்டரில் எஃப் 2 கிட்டத்தட்ட இரண்டரை அடி ஆழத்துக்குத் தெளிவு தருகிறது, ஆட்டக்காரர் ஒரு எட்டு முன்னே பின்னே போனாலும் தப்பாது.

நடுநிசி தாண்டித் திரை பிடித்தார்கள். முகவீணை என்கிற சின்ன நாயனம் உச்சிக்கு ஏறியது. திரைக்குப் பின்னால் விருத்தம் பாடுகிற குரல் எங்கள் பெரியப்பாவுடையது என்று தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரையை விலக்கினதும் அவர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். ஏழு படம் எடுத்தேன். நாலாவது படத்தில் பாவாடை முழு வட்டமாக விரிந்திருக்கிறது, கல்யாண முருங்கையில் செய்த புஜக்கட்டையின் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லிலும் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது, முகம் அசையாமல் நேராக என்னைப் பார்க்கிறது.

விடிந்ததும் அவர் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படத்தைக் கேமராவின் திரையில் காட்டினேன். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக்கித் தரச் சொல்லி, மறுபடியும் பார்த்தார்.

“இடது கண்ணுல மை கலைஞ்சிருக்குடா. அப்பவே சொல்லக் கூடாதா?” என்றார். “சரி, அடுத்த வருஷம் சரியாப் போட்டுக்கறேன். அப்பவும் வந்து எடு.”